வெள்ளித்தாளும் ஒரு விரற்கடை இடைவெளியும்

வெப்ப அலை வீசும் நாட்களில் மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு விநோதமான நேரம் உண்டு. பொழுது சாய்ந்து வெகுநேரமாகியிருக்கும். வெளியே சூடு தணிந்து, வாசலில் நின்றால் மூச்சு விடலாம் போலிருக்கும். உள்ளே வந்து மல்லாந்து படுத்தால் நெற்றியும் மார்பும் காந்தும். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சுவரிலுள்ள வெப்பமானியோ அப்படியொன்றும் அச்சுறுத்தும் எண்ணைக் காட்டாது. ஒரு நாற்காலியில் ஏறி, உள்ளங்கையைக் கூரைக்குச் சில அங்குலம் கீழே பிடித்துப் பார்த்தால் விஷயம் புரியும். சுடுவது காற்று அல்ல, கூரை.

ஓர் அறையில் நாம் உணரும் வெப்பத்துக்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று காற்று. மற்றொன்று நம்மைச் சுற்றியிருக்கும் சுவர், தரை, கூரை ஆகிய பரப்புகள். காற்று அதிகம் அசையாத அறையில் இவ்விரண்டின் சராசரியைத்தான் உடல் ஏறக்குறைய உணர்கிறது. நம் தோல் பொதுவாக 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். சாதாரண நாளில் நாம்தான் சுவருக்கும் கூரைக்கும் வெப்பத்தைக் கதிர்வீச்சாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம். உடல் குளிர்வதற்கான பெரிய வழிகளில் அது ஒன்று. கூரையின் உட்புறம் 42 டிகிரியைத் தொட்டுவிட்டால் வெப்பம் எதிர்த்திசையில் பாயத் தொடங்குகிறது. காற்று 32-இல் இருந்தாலும் கூரை நம்மை வாட்டும். மின்விசிறி வியர்வையை உலர்த்தி உதவுகிறது, உண்மைதான். கூடவே, கூரையை ஒட்டித் தேங்கியிருந்த சூடான காற்றைக் கலக்கிக் கீழே அனுப்பவும் செய்கிறது.

வெப்ப அலை என்றாலே வெயிலில் அலைபவர்களுக்குத்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். 1995 ஜூலையில் சிகாகோவில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கட்டடத்தின் உச்சித் தளத்தில் வசித்ததும் ஆபத்தை அதிகரித்த காரணங்களில் ஒன்று என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். 2003 கோடையில் ஐரோப்பாவில் 70,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிரான்சில் இறந்த முதியவர்களைப் பற்றிய ஆய்வில், கூரைக்கு நேர்கீழே படுக்கையறை அமைந்திருந்ததும் வெப்பக்காப்பு இல்லாத வீடும் காரணங்களாக வந்தன. 2021 ஜூனில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வெப்பத்துக்குப் பலியான 619 பேரில் 98 சதவீதத்தினரைக் கட்டடத்துக்கு உள்ளேதான் வெப்பம் தாக்கியிருந்தது. ஆகவே கூரையைப் பற்றிப் பேசுவது சொகுசைப் பற்றிப் பேசுவதாகாது.

பளபளக்கும் அலுமினியத் தாளைக் கூரைக்கடியில் கட்டினால் வீடு குளிரும் என்று யாரோ சொல்ல, நான் முதலில் நம்பவில்லை. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தாள், அரையடிக் கான்கிரீட் தடுக்க முடியாததைத் தடுக்குமா? அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஏனென்றால் அலுமினியம் மிக நல்ல வெப்பக் கடத்தி. கான்கிரீட்டைவிட நூறு மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். அப்படிப்பட்ட பொருள் வெப்பக்காப்பாக எப்படி இருக்க முடியும்?

விடை, வெப்பம் எந்த வழியில் வருகிறது என்பதில் இருக்கிறது. வெப்பத்துக்கு மூன்று பாதைகள்: ஒட்டியிருக்கும் பொருள் வழியே கடத்தல், நகரும் காற்றோடு சலனம், இடையில் எதுவுமே தேவைப்படாத கதிர்வீச்சு. கூரையிலிருந்து கீழே இறங்கும்போது சலனம் ஏறக்குறைய செயலற்றுப்போகிறது. சூடான காற்று மேலேயே தங்கிவிடுவதால் அதற்குக் கீழே இறங்கக் காரணமில்லை. அசையாத காற்றும் மோசமான கடத்தி. மிஞ்சுவது கதிர்வீச்சு. கீழ்நோக்கி வரும் வெப்பத்தில் மிகப்பெரும் பங்கு இந்த வழியில்தான் வருகிறது.

எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்கு பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். எனக்கு மட்டும் இதைப் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது. ஒரு பொருள் வெளியிடும் கதிர்வீச்சு அதன் தனிவெப்பநிலையின் (கெல்வின் அளவில்) நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 1879-இல் இயற்பியலாளர் ஜோசப் ஸ்டெஃபான் அளவுகளிலிருந்து கண்டதை, 1884-இல் போல்ட்ஸ்மான் கோட்பாட்டிலிருந்து நிறுவினார். உச்சிவெயிலில் 65 டிகிரிக்குக் காய்ந்த ஒரு தகரக் கூரையும், அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே 35 டிகிரியில் ஓர் உட்கூரையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்குக் கதிர்வீச்சாக இறங்குவது ஏறக்குறைய 188 வாட். இடையிலுள்ள அசையாத காற்று கடத்துவது 8 வாட் அளவே. இப்போது எதிரெதிரான அந்த இரண்டு பரப்புகளில் ஏதேனும் ஒன்றை அலுமினியத் தாளால் மூடிவிட்டால், 188 வாட் 11 வாட்டாகச் சுருங்குகிறது. உண்மையான வீட்டில் ஓரங்களில் கசிவு இருக்கும், காற்று கொஞ்சம் நகரும், சட்டங்கள் வழியே வெப்பம் இறங்கும். பலன் இந்தக் கணக்கு அளவுக்குச் சுத்தமாக இருக்காது. ஆனாலும் பதினேழில் ஒரு பங்காகக் குறைவது சின்ன விஷயம் இல்லை.

மந்திரம் ஒன்றுமில்லை. பொருள்களுக்கு உமிழ்திறன் என்று, 0 முதல் 1 வரை அளக்கப்படும் ஒரு பண்பு உண்டு. கான்கிரீட், மரம், ஓடு, கண்ணாடி, எந்த நிறப் பெயின்ட் ஆனாலும் சரி, இவற்றின் உமிழ்திறன் 0.9-ஐ ஒட்டி இருக்கும். அதாவது, வெப்பக் கதிர்களை வெளியிடுவதிலும் உள்வாங்குவதிலும் இவை தாராளமானவை. தூய்மையான அலுமினியத் தாளின் உமிழ்திறன் 0.03 முதல் 0.05 வரைதான். மகா கஞ்சன். தன்மேல் விழும் வெப்பக் கதிர்களை ஏற்காமல் திருப்பி அனுப்பும். தானே சூடாக இருந்தாலும் கதிர்களை வெளியிடாது.

இரண்டாவதாகச் சொன்னதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். தாளின் பளபளப்பு முகம் மேலே வெயிலைப் பார்த்திருந்தால்தானே திருப்பி அனுப்பும், கீழே பார்த்திருந்தால் என்ன பயன் என்று கேட்கிறார்கள். கீழே பார்த்திருந்தாலும் அதே பயன்தான். சூடான கூரையின் அடிப்புறத்திலேயே தாள் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளும் 65 டிகிரிக்கு ஏறிவிடும். ஆனால் அந்த வெப்பத்தைக் கீழே கதிராக வீசும் திறமை அதற்கு இல்லை. கணக்கில் இரண்டு அமைப்புக்கும் ஒரே விடை. நடைமுறையில் கீழ்நோக்கிய முகமே மேல். மேலே பார்த்த தாளில் தூசி படியும், தூசியின் உமிழ்திறன் அதிகம், சில ஆண்டுகளில் பளபளப்பு பெயரளவுக்கு ஆகிவிடும். தலைகீழாகத் தொங்கும் பரப்பில் தூசி எளிதில் உட்காராது.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுவதையும் அதற்காகவே எழுதுகிறேன் என்றும் சொல்லலாம். தாளின் பளபளப்பு முகத்துக்கு முன்னால் வெறும் காற்று இருக்க வேண்டும். ஒரு விரற்கடை, அதாவது இரண்டு சென்டிமீட்டர் அளவுக்காவது. தாளின் இருபுறமும் ஏதேனும் ஒட்டிக்கொண்டிருந்தால் கதிர்வீச்சு என்ற பேச்சே இல்லை; எல்லாம் கடத்தல்தான், கடத்துவதில் அலுமினியம் கைதேர்ந்தது. தளம் போடும்போது கான்கிரீட்டுக்கும் தட்டோடுக்கும் நடுவே இந்தத் தாளை வைத்து மூடிவிட்டு, வெப்பக்காப்பு செய்தாயிற்று என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பணத்தைப் புதைத்ததற்குச் சமம். அதைவிட மோசம், ஈரச் சிமென்ட்டின் காரத்தன்மை அலுமினியத்தை அரித்துவிடும். சில காலம் கழித்துத் திறந்து பார்த்தால் தாளே இருக்காது.

விற்பவர்கள் இந்த இடைவெளியைப் பற்றிப் பேசுவது அபூர்வம். அவர்கள் காட்டும் செய்முறை விளக்கம் ஒன்று உண்டு. ஒரு பிரகாசமான சூட்டு விளக்கு, அதற்கு முன்னால் ஒரு துண்டுத் தாள், தாளுக்குப் பின்னால் நம் கை. கையில் சூடே தெரியாது. அசந்துபோவோம். அதில் பொய் ஏதுமில்லை. விளக்குக்கும் தாளுக்கும் நடுவே ஒரு முழம் காற்று இருக்கிறது, தாளுக்கும் கைக்கும் நடுவே இன்னொரு சாண் காற்று இருக்கிறது. வீட்டுக்கு வந்து அதே தாளைச் சுவரோடு சுவராக ஒட்டிப் பலகையால் மூடும்போதுதான் அந்த இரண்டும் காணாமல் போகின்றன.

என்னிடம் வந்த ஒரு விற்பனையாளர் இன்னொரு வித்தையும் செய்தார். துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானியை வெறும் கூரைமேல் நீட்டினார்: ஐம்பதைத் தாண்டிய ஓர் எண். தாள் ஒட்டிய பகுதியில் நீட்டினார்: முப்பதுக்கு மேல் கொஞ்சம். பார்த்தீர்களா என்றார். பார்த்தேன், ஆனால் அந்தக் கருவி எதை அளக்கிறது என்று தெரிந்திருந்ததால் சிரித்துக்கொண்டேன். எதிரிலுள்ள பொருளின் உமிழ்திறன் 0.95 என்று தானாகவே வைத்துக்கொண்டு கணக்கிடும் கருவி அது. பளபளப்புத் தாள்மேல் நீட்டினால், தாளின் சூட்டை அது அறிவதே இல்லை. தாளில் பிரதிபலிக்கும் தரையின் சூட்டைத்தான் படிக்கிறது. கொதிக்கும் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் இந்தத் தாளைச் சுற்றினாலும் கருவி குளிர்ச்சி என்றே சொல்லும். உண்மையை அறிய, தாளின்மேல் ஒரு துண்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, சற்றுப் பொறுத்து, அந்த டேப்பை அளக்க வேண்டும்.

வாங்கும் தாள் உண்மையிலேயே உலோகமா என்பதும் ஒரு கேள்வி. வெள்ளி நிறப் பிளாஸ்டிக் தாள்கள் ஏராளம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளி வேறு, அறைச்சூட்டிலுள்ள பொருள்கள் வீசும் அகச்சிவப்புக் கதிர் வேறு. பின்னதன் அலைநீளம் ஏறத்தாழ 10 மைக்ரான். உலோகப் படலத்தின்மேல் தடித்த பிளாஸ்டிக் பூச்சு இருந்தால், கண்ணுக்குப் பளபளப்பு தெரியும், வெப்பக் கதிருக்கோ அது வெறும் பிளாஸ்டிக். சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. தாளைத் தொடாமல் கன்னத்துக்கு மிக அருகே பிடியுங்கள். நல்ல தாளாக இருந்தால் ஓரிரு வினாடிகளில் கன்னம் கதகதப்பை உணரும். அது உங்கள் முகத்தின் சூடுதான், உங்களிடமே திரும்பி வருகிறது. போலியாக இருந்தால் ஒன்றும் தெரியாது. கடையில் நின்று இதைச் செய்யும்போது பக்கத்தில் இருப்பவர்கள் ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

சமையலறை அலுமினியத் தாளுக்கு ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கிறதே, எதை வெளியே வைப்பது என்றும் கேட்பார்கள். கடைசி உருட்டலில் இரண்டு தாள்களைச் சேர்த்து அழுத்துவதால், ஒன்றையொன்று தொட்ட பக்கங்கள் மங்கலாகிவிடுகின்றன. வெப்பக் கதிரைப் பொறுத்தவரை இரண்டு பக்கங்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இந்தத் தொழில்நுட்பத்தின் மிகப் பரபரப்பான நாள் பூமியில் கழியவில்லை. 1973 மே 14 அன்று அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் ஏவப்பட்டபோது, அதன் வெளிக்கவசம் காற்றின் வேகத்தில் பிய்ந்துபோனது. நுண்விண்கற்களைத் தடுப்பதோடு வெயிலையும் தடுக்க வேண்டிய கவசம் அது. நிழல் இல்லாத நிலையத்தின் உட்புறம் 50 டிகிரியைத் தாண்டியது. உணவும் மருந்தும் புகைப்படச் சுருள்களும் கெட்டுவிடுமோ என்ற கவலை. தரையிலிருந்த பொறியாளர் ஜாக் கின்ஸ்லர் குடைபோல விரியும் ஒரு நிழற்சீலையை வடிவமைத்தார். நைலானும் அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் படலமும் சேர்ந்தது அது. மே 25 அன்று புறப்பட்ட மூன்று வீரர்கள் சிறிய காற்றடைப்பு அறை ஒன்றின் வழியே அதை உள்ளிருந்தபடியே வெளியே தள்ளி விரித்தார்கள். வெப்பம் படிப்படியாக இறங்கி, ஆட்கள் தங்கி வேலை செய்யும் அளவுக்கு வந்தது. காற்றே இல்லாத விண்வெளியில் வெப்பம் வர ஒரே வழி கதிர்வீச்சுதான் என்பதால், ஒரு மெல்லிய படலமும் அதற்குப் பின்னால் கொஞ்சம் வெற்றிடமும் போதுமாக இருந்தன. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் ஐந்தடுக்கு வெயில்மறைப்பும் அதே குடும்பம். அங்கேயும் அடுக்குகள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கின்றன.

வீட்டுக்கு வருவோம். தகரம் அல்லது சிமென்ட் ஷீட் கூரைதான் இந்தத் தாளுக்கு மிகவும் பொருத்தமான இடம். ஷீட் மெல்லியது, வெயில் ஏறிய சற்று நேரத்திலேயே உட்புறமும் சுடும், அந்தச் சூடு அப்படியே தலையில் இறங்கும். குறுக்குச் சட்டங்களில் தாளைச் சற்றுத் தொய்வாகக் கட்டினாலே போதும், ஷீட்டுக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி தானாக அமைந்துவிடும். இழுத்துக் கட்டி ஷீட்டோடு ஒட்டவைப்பதுதான் தவறு. ஒட்டினாலும், அறையைப் பார்த்த பக்கம் பளபளப்பாக இருக்கும்வரை பலன் உண்டு. அறையே அதற்கு இடைவெளியாகிவிடுகிறது. அழகாக இல்லை என்று அதன்மேல் வெள்ளையடித்துவிட்டால் கதை முடிந்தது. பெயின்ட்டின் உமிழ்திறன் 0.9 என்று மேலே சொன்னேன்.

ஓட்டு வீட்டிலும் இதே முறைதான், சட்டங்களுக்கு அடியில். இங்கே எலி, பல்லி, மழைக் கசிவு ஆகியவற்றையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கும்.

கான்கிரீட் தளத்தின் கதை கொஞ்சம் வேறு. 15 சென்டிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட்டின் வழியே வெப்ப உச்சம் மேலிருந்து கீழே வந்துசேரச் சுமார் 4 மணி நேரம் ஆகும். நண்பகலுக்குப் பின் மேற்பரப்பு உச்சத்தைத் தொட்டால், உட்கூரை உச்சத்தைத் தொடுவது மாலையில். அதன்பின் இரவு வெகுநேரம்வரை அது ஆறாது. என் வீடு இந்த வகை. தளத்துக்குக் கீழே சட்டங்கள் அடித்து, அவற்றில் தாளைக் கட்டி, அதற்கும் கீழே மறுபடி இடைவெளி விட்டு ஃபால்ஸ் சீலிங் பலகை போட்டோம். தாளுக்கு இரண்டு பக்கமும் காற்று. கூரை தாழ்ந்துவிட்டது என்று வீட்டில் முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. மின்விசிறியின் தண்டைக் குட்டையாக்க வேண்டியிருந்தது. அது கூரைக்கு நெருக்கமாகிவிட்டதால் காற்று முன்புபோல வருவதில்லை என்பதும் நியாயமான புகார்.

பலன் என்ன? காற்றின் வெப்பநிலை அப்படியொன்றும் வீழ்ந்துவிடவில்லை. வெப்பமானியை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். வித்தியாசம் உடம்புக்குத் தெரிந்தது. தாள் போடாமல் விட்ட நடைபாதை ஒன்று வீட்டில் இருக்கிறது. மாலையில் அறையிலிருந்து அங்கே போனால் உச்சந்தலையில் யாரோ கை வைத்து அழுத்துவதுபோல் சூடு இறங்குகிறது; திரும்ப அறைக்குள் வந்தால் அது விட்டுவிடுகிறது. ஏசி ஓடும் நாட்களில் அது நின்று நின்று ஓடுகிறது, முன்புபோல இடைவிடாமல் முனகுவதில்லை. வெயில் மிகுந்த பகுதிகளில் இத்தகைய தாள் குளிர்விக்கும் செலவை 5 முதல் 10 சதவீதம்வரை குறைக்கக்கூடும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. அந்த எண், கூரைக்கடியில் பரண் கொண்ட வீடுகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. வெறும் தகரத்தின் கீழ் வாழ்பவருக்குக் கிடைக்கும் நிம்மதியை மின்கட்டணத்தால் அளக்க முடியாது. அவரிடம் ஏசியே இருக்காது.

அப்படியானால் தாளைக் கூரைக்கு வெளியே, மொட்டைமாடியிலேயே விரித்துவிடலாமே என்று தோன்றும். தோன்றினால் ஒரு நிமிடம் பொறுங்கள். சூரிய ஒளியின் ஆற்றல் பெரும்பாலும் குறுகிய அலைநீளங்களில் வருகிறது. சூடான கூரை வெளியேற்றும் வெப்பமோ நீண்ட அலைநீளத்தில் போகிறது. வெளிப்பரப்புக்கு இரண்டு குணங்கள் வேண்டும்: வருவதைத் திருப்ப வேண்டும், உள்ளே ஏறிவிட்டதை வானத்துக்கு வீசவும் வேண்டும். பளபளப்பான உலோகம் முதல் வேலையைச் சுமாராகச் செய்யும், இரண்டாவதைச் செய்யவே செய்யாது. அதனால்தான் வெயிலில் கிடக்கும் வெறும் உலோகம், வெளிர்நிறமாகத் தெரிந்தாலும் கையைச் சுடுகிறது. வெள்ளைப் பூச்சு இரண்டையும் செய்கிறது. சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். அதன் உமிழ்திறனும் 0.9. வெளியே வெள்ளை, உள்ளே வெள்ளி. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், கான்கிரீட் தளத்துக்கு வெள்ளைப் பூச்சையே முதலில் செய்யச் சொல்வேன். வெப்பம் உள்ளே ஏறுவதற்கு முன்பே தடுப்பது அது, செய்வதும் எளிது. அழுக்குப் படிந்தால் அதன் திறன் குறையும், அவ்வப்போது கழுவ வேண்டும்.

வெளிப்பூச்சில் இப்போது நடக்கும் ஆராய்ச்சிகள் வியக்கவைக்கின்றன. 2014-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சூரிய ஒளியில் 97 சதவீதத்தைத் திருப்பி, தன் வெப்பத்தை வானத்துக்கு வீசும் ஒரு படலத்தைச் செய்தார்கள். நேரடி வெயிலில் அது சுற்றுக் காற்றைவிட ஏறக்குறைய 5 டிகிரி குளிர்ச்சியாக இருந்தது. 2021-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் பேரியம் சல்ஃபேட் கொண்டு 98 சதவீத ஒளியைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட்டை அறிவித்தார்கள்.

உள்ளே தாள் கட்டுவதற்கு ஒரு விலையும் உண்டு, அது இரவில் தெரியும். மேலிருந்து வரும் வெப்பத்தைத் தடுக்கும் அதே தாள், உள்ளே சேர்ந்த வெப்பம் கூரை வழியே வெளியேறுவதையும் தாமதப்படுத்தும். வெறும் தகரக் கூரை சூரியன் இறங்கியதும் விரைவாகக் குளிர்ந்துவிடும். தாள் கட்டிய வீட்டில் சன்னல்களைத் திறந்து சுவரின் சூட்டைக் காற்றோடு வெளியேற்ற வேண்டும். பகலில் சாத்தி வை, இரவில் திறந்து வை என்ற பழைய ஒழுங்கு இங்கே முன்னைவிட முக்கியமாகிறது. இரவிலும் வெளிக்காற்று தணியாத வெப்ப அலை என்றால், தாளால் மட்டும் உயிரைக் காக்க முடியாது. குளிர்ந்த இடத்துக்குப் போவதுதான் வழி, குறிப்பாக முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீடுகளில்.

ஆபத்து ஒன்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அலுமினியம் மின்சாரத்தையும் கடத்தும். 2009-இல் ஆஸ்திரேலிய அரசு வீடுகளுக்கு வெப்பக்காப்பு அமைக்கும் பெருந்திட்டம் ஒன்றை அவசர அவசரமாகத் தொடங்கியது. பயிற்சி போதாத இளைஞர்கள் பரண்களில் ஏறினார்கள். நான்கு பேர் உயிரிழந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் பரணின் கடும் வெப்பத்தால். தாளைப் பொருத்த அடித்த உலோகப் பின் மின்கம்பியில் இறங்கினால் தாள் முழுவதும் மின்னோட்டம் பாயும். 2010 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தில் உலோகத் தாளுக்குத் தடை விதித்தார்கள். பிறகு திட்டத்தையே நிறுத்தினார்கள். 2014-இல் அரச விசாரணை ஆணையம் அதை அக்குவேறு ஆணிவேறாக அலசியது. எனவே, வேலை தொடங்கும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்று தெரிந்த எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இருக்கட்டும். உலோகப் பின்னுக்குப் பதில் பிளாஸ்டிக் பிடிப்பான் போதும் என்றால் அதையே பயன்படுத்துங்கள். காலை இளவெயிலுக்குள் முடிக்க முடியாத வேலையை மறுநாளைக்குத் தள்ளுங்கள்.

இன்னும் சில சில்லறைக் கவனங்கள். தாள் ஈரத்தையும் தடுக்கும் என்பதால், சமைக்கும் அறை, குளியலறை மேலே நீராவி போய்த் துளியாகப் படிந்து சட்டங்கள் உளுக்கும். அங்கே நுண்துளையிட்ட தாள் வேண்டும். நுரையோடும் குமிழ்த்தாளோடும் சேர்த்து விற்பவற்றில் தீப்பிடிக்கும் தன்மை எப்படி என்று கேட்டு, சான்றிதழைப் பார்த்து வாங்குங்கள். கைபேசிச் சிக்னல் கூரை வழியே வந்துகொண்டிருந்தால் அது பலவீனமாகும். எங்கள் வீட்டில் ஒரு மூலையில் அழைப்புகள் அறுந்துபோகின்றன; அந்த மூலையில் உட்காருபவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

சுவர்களுக்கு இந்தத் தாளை நான் அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். செங்குத்தான இடைவெளியில் காற்று சுழலும், எனவே சலனத்தின் பங்கு கூடிவிடும், தாளின் ஆதாயம் குறையும். மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு மரமோ பந்தலோ நிழல் தந்தால் அது இதைவிட நன்றாக உதவும்.

சன்னல்களில் வெள்ளித்தாள் ஒட்டுவது வெப்ப அலைக் காலங்களில் எங்கும் காணும் காட்சி. கூரையில் கைவைக்க முடியாத வாடகைக் குடியிருப்பாளருக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அதுதான். பயன் உண்டு, ஆனால் தாள் கண்ணாடிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே எல்லாம். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், உள்ளிருந்து வரும் நீண்ட அலைநீள வெப்பத்தை வெளியே விடாது. உட்புறத் திரை எவ்வளவு தடிமனாக இருந்தாலும், வெயில் அதன்மேல் விழும்போது வீட்டுக்குள் வந்தாகிவிட்டது. கறுத்த திரை அந்த வெயிலைக் குடித்து அறைக்குள்ளேயே வெப்பமாக்கும். பளபளப்புத் தாள் பெரும்பங்கை ஒளியாகவே கண்ணாடி வழியே திருப்பி அனுப்பிவிடுவதால் அதைவிட மேல். எல்லாவற்றையும்விட மேல், சன்னலுக்கு வெளியே மறைப்பது. மேற்குப் பார்த்த சன்னலுக்கு வெளிப்புறச் சாய்ப்பு போட்டால் வெயிலின் வெப்பத்தை 77 சதவீதம்வரை குறைக்கலாம் என்று அதே அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. வெளியே எதுவும் மாட்ட வழியில்லை என்றால், தாளை ஓர் அட்டையில் ஒட்டி, சன்னல் சட்டத்துக்குள் பொருந்துமாறு வெட்டி, வெயில் படும் நேரத்தில் மட்டும் வைத்து எடுக்கலாம். கண்ணாடிமேல் நேரடியாக ஒட்ட வேண்டாம். இரட்டைக் கண்ணாடி, நிறமேற்றிய கண்ணாடி ஆகியவற்றில் சூடு சமமில்லாமல் ஏறி விரிசல் விழக்கூடும். அட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டு, மேலும் கீழும் காற்று போகத் திறப்பு வைத்துவிட்டால் அந்த ஆபத்து குறையும்.